பால் பைத்தான் ஆசைப்பட்டவருக்குச் சிங்கப்பூரில் என்ன வழி?

பால் பைத்தான் (ball python) என்பது பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. ஆனால் சிங்கப்பூரில் பாம்பு வளர்க்க முடியாது. உரிமத்துக்கு விண்ணப்பித்தும் முடியாது, ‘விஷமில்லாதது, சாது’ என்று வாதாடியும் முடியாது. இன்னின்ன விலங்கு கூடாது என்று தேசியப் பூங்காக் கழகம் பட்டியல் போடவில்லை. இன்னின்னது மட்டும் வளர்க்கலாம் என்றுதான் பட்டியல் போட்டிருக்கிறது. நாய், பூனை, முயல், வெள்ளெலி, கினி பிக், ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா, சில பறவைகள், அலங்கார மீன்கள் எல்லாம் அதில் உண்டு. மீனைத் தவிர்த்தால், குளிர் இரத்தப் பிராணிகள் பிரியர்களுக்கு மிஞ்சுவது நான்கே நான்கு: சிவப்புக்காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை, பச்சை மரத்தவளை, நிலத் துறவி நண்டு. பல்லி வகை கிடையாது, டாரன்டுலா சிலந்தி கிடையாது, பாம்பு அறவே கிடையாது.

மலேசியாவின் ஜொகூரில் வாங்கிக் காரில் வைத்துக் கொண்டுவரலாம், டெலிகிராமில் ஆள் இருக்கிறார் என்றெல்லாம் பேச்சு வரும். பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பாம்பு. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் வனவிலங்குச் சட்டத்தோடு, அருகிவரும் உயிரினங்களின் ஏற்றுமதி, இறக்குமதிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்னையிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் நட்சத்திர ஆமையை வைத்துக் கொண்டுவருவது அதைவிட மோசம்: 2019 முதல் அது இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒளித்து வளர்க்கும் பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூச்சுக்குழாய்த் தொற்றில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பாம்பை அலமாரிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் அந்த வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

ஒப்பிட வேண்டியது வேறு. பால் பைத்தானில் உங்களுக்குப் பிடித்தது எது என்று முதலில் பிரித்துப் பார்த்தால், அதற்கு எது ஈடாகும் என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் பக்கமிருந்து உலகச் சந்தைக்கு ஏராளமாகப் போகிறது. மூன்று முதல் ஐந்தடி வளரும், நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 ஆண்டு வாழும். சத்தம் இல்லை, முடி உதிராது. வளர்ந்த பாம்புக்கு வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ எலி போட்டால் போதும். பயந்தால் கடிப்பதைவிடப் பந்தாகச் சுருண்டுகொள்வதே அதன் வழக்கம். கையில் எடுத்தால் பொறுத்துக்கொள்ளும். ஆக ஆசைக்குக் காரணம் ஐந்து இருக்கலாம்: நெளியும் உடல், எப்போதாவது தீனி, அமைதி, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு சிறு காட்டை அமைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் ஆளும் வேலை, கையில் எடுக்கும் சுகம்.

இடையில் ஒன்று சொல்லிவிடலாம். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இந்தப் பாம்பு தானாக வளருமே’ என்பார்கள். அப்படி அல்ல. கூட்டின் ஒரு முனை 31–33 டிகிரி, மறுமுனை 25–27 டிகிரி இருக்க வேண்டும் என்பது இதன் கணக்கு. பிற்பகலில் 30-ஐத் தொடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில் அந்தக் குளிர்ந்த முனையைக் கொண்டுவருவதுதான் பாடு. ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்க, அடித்தளமும் ஈரமாகிவிட்டால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும். அனுமதி இருந்தாலும் இங்கே இது எளிய பிராணி அல்ல.

கையில் எடுத்துக் கொஞ்சுவதுதான் முக்கியம் என்றால், மேலே சொன்ன நான்கில் ஒன்றும் உதவாது. ஆமைக்கும் தவளைக்கும் மனிதக் கை ஒரு தொல்லை. கினி பிக் பார்க்கலாம். பூனையும் ஆகும்: 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனை வரை உரிமத்தோடு வளர்க்க அனுமதி உண்டு. சின்சில்லா பக்கம் மட்டும் போக வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் அதற்கு வெப்பத் தாக்கு வரும், குளிர்சாதனம் இரவும் பகலும் ஓட வேண்டும்.

நெளியும் உடல்தான் ஆசை என்றால்: ரோப் மீன்

மீன் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரோப் ஃபிஷ் என்று மீன் கடைகளில் கேட்டால் காட்டுவார்கள். பால் பைத்தான் வரும் அதே மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில், நைஜீரியா, பெனின், கேமரூன் நாடுகளின் ஆறுகளிலும் சேற்று நீரிலும் வாழ்வது. விரல் தடிமன், 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம், கடினச் செதில், பாம்பின் முகம். தரையோடு தரையாக நெளிந்து, வேருக்கடியில் நுழைந்து, இன்னொரு ரோப் மீனோடு பின்னிக்கொண்டு படுத்திருக்கும். செவுளோடு நுரையீரலும் உண்டு என்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்த ஒரு அசைவைப் பார்க்கவே இதை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

தனியாக வைத்தால் ஒளிந்தே கிடக்கும், இரண்டு மூன்றாக வையுங்கள். அதற்கு 120 × 45 × 45 சென்டிமீட்டர் தொட்டி வேண்டும், சுமார் 240 லிட்டர். அடியில் மென்மணல் மூன்று நான்கு சென்டிமீட்டர் போதும். கூர்மையான சரளைக்கல் வயிற்றைக் கீறும். பிவிசி குழாய்த் துண்டுகள், மரவேர் போதிய அளவு போடுங்கள். மணிக்கு 1,000 லிட்டர் அளவு இறைக்கும், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர், வெளியேறும் நீரைச் சுவர்ப்பக்கம் திருப்பி. சூடாக்கி வேண்டாம், நம் வீட்டு நீர் தானாகவே 27–29 டிகிரியில் நிற்கும்.

ரோப் மீன் சாவதற்கு முதல் காரணம் நோய் அல்ல, தரையில் காய்ந்து கிடப்பது. தலை நுழைந்தால் உடல் முழுதும் வந்துவிடும். ஃபில்டர் குழாய் இறங்கும் வெட்டு, ஒயர் போகும் மூலை, இரண்டு கண்ணாடி மூடிகளுக்கு நடுவே உள்ள சந்து, எல்லாவற்றிலும் கரடுமுரடான ஸ்பாஞ்சை வெட்டித் திணியுங்கள். மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள், தலையால் முட்டித் தூக்கும். அதே சமயம் மூடிக்கும் நீருக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் காற்று இடம் விட வேண்டும். விளிம்புவரை நீர் நிரப்பிவிட்டால் காற்று விழுங்க முடியாமல் மூச்சுத் திணறும். தப்பியது தரையில் கிடந்து தோல் இன்னும் ஈரமாக இருந்தால், செத்துவிட்டது என்று முடிவுகட்டாமல் நீரில் விடுங்கள். காற்றைச் சுவாசிக்கும் மீன், பிழைக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் முதல் சில வாரங்களிலும், நீரில் அமோனியா ஏறும்போதும்தான் வெளியே போகப் பார்க்கும்.

அமோனியா என்றதும் இன்னொன்று. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய் நீரில் சேர்ப்பது குளோரமின். வாளியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும் என்ற பழைய யோசனை இங்கே எடுபடாது, குளோரமின் அப்படிக் கலைந்துவிடாது. நீர் பதனி (குழாய் நீரைப் பிராணிகளுக்கு ஏற்றதாக்கும் கடை மருந்து, water conditioner) ஊற்றியே ஆக வேண்டும். குளோரமினை உடைக்கும்போது மிஞ்சும் அமோனியாவையும் பிடித்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். தவளைக்கும் நண்டுக்கும் இதுவே விதி.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடக் கூடாது. அமோனியாக் கரைசலோ ஒரு துண்டு இறாலோ போட்டு அமோனியாவை முறிக்கும் நுண்ணுயிர் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஃபில்டரை ஓட்டி, சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு விடுங்கள். அதன்பின் வாரம் கால்பங்கு நீர் மாற்றம். தீனி விளக்கணைத்த பிறகு: உறைந்த இரத்தப்புழு, இறால் துண்டு, மீன் துண்டு, மூழ்கும் இறைச்சிக் குருணை. வளர்ந்ததற்கு வாரம் மூன்று தடவை போதும். கண் மங்கல், மோப்பத்தால்தான் தேடும். அதனால் சுறுசுறுப்பான மீன்களோடு போட்டால் எல்லாவற்றையும் அவை தின்றுவிட, இது மெலியும். நியான் டெட்ரா மாதிரிப் பொடி மீன்களை இதுவே தின்றுவிடும். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் செம்பு கலந்த மருந்து இந்த மீனுக்கு ஆகாது.

எடையையும் யோசிக்க வேண்டும். நீர், கண்ணாடி, மேசை, மணல் எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தரையைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பரவலான சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுவார்கள். ஒரு தொட்டி வைத்ததும் தரை இறங்கிவிடாது, ஆனால் கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, உத்திரம் ஓடும் பக்கமாக வைப்பது நல்லது. மின்சாரச் செலவு பெரிதல்ல: ஃபில்டரும் விளக்கும் சேர்த்துச் சராசரி 30 வாட் என்றால் மாதம் 22 யூனிட் அளவு, யூனிட் 30 காசு என்று வைத்தால் ஏழு வெள்ளிக்குள்.

கண்ணாடிக் காடு அமைப்பதுதான் ஆசை என்றால்: பச்சை மரத்தவளை

பாம்புக் கூட்டைப் பராமரிப்பதில் உள்ள கைவேலை அப்படியே கிடைப்பது இதில்தான். வெப்பமானி, ஈரமானி, செடி, தண்ணீர்த் தெளிப்பு, உயிர்த்தீனி எல்லாம் உண்டு. ஒரு எச்சரிக்கை: ‘பச்சை மரத்தவளை’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் விற்கப்படும். அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள அறிவியல் பெயரும் கடை ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

உயரம்தான் முக்கியம். 45 × 45 சென்டிமீட்டர் தளமும் 60 உயரமும் உள்ள கூடு, மேலே கம்பிவலை மூடி. அடியில் தேங்காய் நார்த்தூள் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர். உள்ளே மணி பிளான்ட், குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த கிளைகள். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவி, பதனி கலந்த நீர் ஊற்ற வேண்டும். தவளை அந்த நீரைத் தோலால்தான் குடிக்கிறது, அதிலேயே மலமும் கழிக்கும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து அபராதம் போடுவார் என்பதும் நினைவிருக்கட்டும்.

மேலை நாட்டு வழிகாட்டிகள் ஈரத்தை எப்படி ஏற்றுவது என்றே எழுதும். நம் பிரச்சினை நேர்மாறு. ஏற்கெனவே ஈரமான காற்றில் நாளுக்கு நான்கு தடவை தண்ணீர் தெளித்துக் கூட்டையும் மூடி வைத்தால், நுண்ணுயிர் பெருகித் தொடையின் உட்புறம் சிவக்கும். அது உயிர் போக்கும் தொற்று. மாலையில் ஒரு தடவை தெளித்தால் போதும். காலைக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் மூடிமேல் கணினிக்குப் போடும் 8 சென்டிமீட்டர் விசிறி ஒன்றை வைத்து நாளுக்கு இரண்டு தடவை கால்மணி நேரம் ஓடவிடுங்கள். குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடும் அறை என்றால் கணக்கு மாறும், அங்கே காற்று வறண்டுவிடும். மேற்குப் பார்த்த சன்னல் ஓரம் வேண்டவே வேண்டாம்.

தீனிக்குச் சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி). பாட்டுப் பறவை வளர்ப்பவர்களுக்காகப் பறவைக் கடைகளில் உயிரோடு விற்பார்கள். தவளையின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய வண்டைப் போடாதீர்கள். வாங்கிய வண்டுக்கு ஒரு நாள் கேரட்டும் கீரையும் கொடுத்து, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, ஒரு தடவைக்கு நான்கைந்து வண்டு. கேட்கும்போதெல்லாம் போட்டால் கொழுத்துவிடும். தின்னாமல் விட்ட வண்டைக் காலைக்குள் எடுத்துவிடுங்கள், தூங்கும் தவளையின் தோலைக் கடிக்கும். கால்சியம் விட்டுப்போனால் தாடை மிருதுவாகி, வாயால் பிடிக்க முடியாமல் போகும்.

தமிழ் வீடுகளுக்கென்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, எறும்பு மருந்து, இவை எதுவும் தவளை இருக்கும் அறையில் கூடாது. அதன் தோல் காற்றில் உள்ளதை எல்லாம் உறிஞ்சும். புளோக்கில் டெங்கிக்காகப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் சன்னலை அடைத்து, கூட்டின் வலைமேல் ஈரத்துணி போட்டுவிடுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால், சோப்பும் லோஷனும் இல்லாமல் பதனி நீரில் நனைத்த கையால் தூக்குங்கள்.

அமைதி வேண்டும் என்பவர் இன்னொன்றையும் யோசிக்கட்டும்: ஆண் தவளை கத்தும். மழை பெய்தால் கத்தும், தூசி உறிஞ்சியின் சத்தத்துக்கும் பதில் கொடுக்கும். படுக்கையறையில் வைக்கக் கூடாது.

ஆமைகள்

சிவப்புக்காது ஆமைதான் இங்கே மலிவு, எங்கும் கிடைப்பது. எங்கள் கணிப்பில் இந்தப் பட்டியலில் மிகத் தவறான தேர்வும் அதுதான். கடையில் ஐந்து சென்டிமீட்டர் குஞ்சு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆகும், 30 ஆண்டு இருக்கும். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 38 லிட்டர் நீர் என்ற கணக்கில் பார்த்தால் வளர்ந்த ஆமைக்கு 400 லிட்டர். தின்பதும் கழிப்பதும் அதிகம், அதனால் தொட்டி அளவுக்குச் சொன்ன ஃபில்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு திறன் வேண்டும். ஏறி உலர ஒரு மேடை, 32–35 டிகிரி விளக்கு, அதோடு ஓடு கெட்டிப்பட உதவும் புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கு. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யுவிபி இருக்காது. அதை நம்பியவர்களின் ஆமைக்குத்தான் ஓடு மெத்தென்று ஆகும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யுவிபி குறைந்துகொண்டே போகும், ஆண்டுக்கு ஒன்று மாற்ற வேண்டும். மாடத்தில் சின்னத் தொட்டியை வைத்து வெயில் காட்டுவது இன்னும் ஆபத்து, அரைமணியில் நீர் கொதிநிலைக்குப் போகாவிட்டாலும் ஆமை சாகும் அளவுக்குச் சூடேறும்.

வளர்ந்தபின் வைத்துக்கொள்ள முடியாமல் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். விசாக தினத்தை ஒட்டி ஆண்டுதோறும் தேசியப் பூங்காக் கழகம் ‘விடாதீர்கள்’ என்று இயக்கம் நடத்துவதற்குக் காரணங்களில் இந்த ஆமையும் ஒன்று. சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும் பிராணி என்பதால் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

ஆமைதான் என்று முடிவாகிவிட்டால் மலாயப் பெட்டி ஆமை மேல். இந்த மண்ணின் பிராணி, 20 சென்டிமீட்டர் அளவில் நிற்கும், ஆழமான நீர் தேவையில்லை. வயிற்று ஓட்டில் கீல் போல ஒரு மடிப்பு இருப்பதால் தலை கால் எல்லாம் உள்ளிழுத்து முழுதாகப் பூட்டிக்கொள்ளும். சுருண்ட பால் பைத்தானின் குணம் கொஞ்சம் இதில் தெரியும். சைட்டிஸ் இரண்டாம் பட்டியல் என்பதால் உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு மட்டும் வாங்குங்கள்.

துறவி நண்டு

மலிவான கம்பிக்கூடு, சாயம் பூசிய சங்கு, ஒரு ஸ்பாஞ்ச் என்று விற்பார்கள். அந்த அமைப்பில் சில மாதங்களில் செத்துவிடும், சரியாக வைத்தால் பத்தாண்டுக்கு மேல் இருக்கும். வேறுபாடு மணலின் ஆழத்தில். தோலுரிக்க நண்டு மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் கிடக்கும். குறைந்தது 15 சென்டிமீட்டர், ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரிப் பிடிபடும் ஈரம். வெளியே வரவில்லையே என்று தோண்டினால் மிருதுவான உடலைக் கிழித்துவிடுவோம். இரண்டு கிண்ணம் வேண்டும்: பதனி கலந்த நன்னீர் ஒன்று, லிட்டருக்கு 35 கிராம் கடல்மீன் தொட்டி உப்பு கரைத்த நீர் ஒன்று. சமையல் உப்பு ஆகாது. நம் ஊர் ஈரம் இதற்குப் பொருத்தம், குளிர்சாதன அறை பொருந்தாது. பெரும்பாலும் கடற்கரையில் பிடித்தவைதான் விற்பனைக்கு வருகின்றன, அது உறுத்தினால் இதை விட்டுவிடலாம்.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு வாரம் தமிழ்நாடு போகும் குடும்பங்களுக்கு இது உண்மையான அளவுகோல். பால் பைத்தான் இருந்தால் தண்ணீர் வைத்துவிட்டுப் போகலாம் என்பதுதான் பலரை அதன் பக்கம் இழுக்கிறது. இங்கே அதற்கு அருகில் வருவது வளர்ந்த ரோப் மீன். ஒரு வாரம் பட்டினி தாங்கும், இரண்டாம் வாரத்துக்கு ஒருவர் வந்து ஒரு தடவை இரத்தப்புழுக் கட்டி போட்டால் சரி. போவதற்கு முதல் நாள் நீர் மாற்றிவிட வேண்டும். தவளைக்குத் தீனி ஐந்தாறு நாள் இல்லாமல் ஓடும், ஆனால் தண்ணீர்க் கிண்ணத்தை யாராவது நாள்தோறும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதன் கழிவிலேயே அது ஊறும். நண்டுக்கு வாரம் ஒரு ஆள். ஆமைக்கு அதைவிட அடிக்கடி.

படிப்புக்கோ வேலைக்கோ வெளிநாடு போகிறவர் அங்கே பாம்பு வாங்கலாம் என்று நினைத்தால்: பிரிட்டனில் பால் பைத்தானுக்கு உரிமம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பாம்பு கூடாது, நியூசிலாந்தில் எந்தப் பாம்பும் கூடாது. மூன்றாண்டுப் படிப்புக்குப் போய் முப்பதாண்டுப் பிராணியை வாங்கினால் திரும்பும்போது கொண்டுவர வழியில்லை. பார்க்க மட்டும் ஆசை என்றால் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ஊர்வனவற்றுக்கான ரெப்டோபியா பகுதி போதும். இந்த மண்ணின் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பைச் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நடந்தாலும் பார்க்கலாம், சில வேளை உங்கள் புளோக்குக் கால்வாயிலும்.

எதை வாங்கினாலும் கடைக்குப் போகும் முன் இரண்டு விலங்கு மருத்துவமனைகளுக்கு அழைத்து, ‘தவளை பார்ப்பீர்களா, ஆமை பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்களே அதிகம். பார்க்கிறவர் எந்தக் கிழமை இருப்பார், முதல் ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் தவளையின் விலையைவிட அதிகமாக இருக்கலாம்.